‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ ஏன் வரக்கூடாது? ஆங்கில இறந்த காலத்தைத் தமிழ் வினையின் வழியாக விளங்கிக்கொள்ளுதல்

‘ஐ டிட் நாட் வென்ட்.’ பத்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் படித்து முடித்தவர்களின் பேச்சிலும் இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. சாராள் தக்கர் கல்லூரி 1895-லும் தூய சவேரியார் கல்லூரி 1923-லும் தொடங்கப்பட்ட பாளையங்கோட்டையில், ஆங்கிலக் கல்விக்கு நூற்றாண்டு கடந்த வேர் உண்டு. இருந்தும், நேற்று நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே தயங்கி நிற்பதைக் காண்கிறோம். இதற்கு உழைப்புக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. தமிழின் இறந்த காலம் ஆங்கிலத்தினுடையதைவிடப் பல மடங்கு நுட்பமானது. அதைப் பிழையின்றிப் பேசும் ஒருவருக்கு ஆங்கிலத்தினுடையது எட்டாத ஒன்றாக இருக்க முடியாது. எந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் வழி மாற்றி விடுகிறது என்பதை யாரும் பிரித்துக் காட்டாததே இடர்ப்பாட்டின் பெரும்பகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

காலம் சொல்லில் எங்கே இருக்கிறது?

தமிழ் வினைமுற்று ஒன்றைப் பிரித்தால் பகுதி, இடைநிலை, விகுதி என மூன்று உறுப்புகள் கிடைக்கும். ‘செய்தான்’ என்பதில் ‘செய்’ செயலையும், ‘த்’ காலத்தையும், ‘ஆன்’ செய்தவரையும் காட்டுகின்றன. பவணந்தி முனிவரின் நன்னூல் இறந்த காலத்துக்குரிய இடைநிலைகளாக த், ட், ற், இன் ஆகிய நான்கைக் கூறுகிறது. செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்பவை அவற்றுக்கு எடுத்துக்காட்டுகள்.

ஆங்கிலத்தில் முதல் இரண்டு உறுப்புகள் மட்டுமே உண்டு. ‘குக்’ என்பது பகுதி. ‘ஈ-டீ’ என்னும் இரண்டெழுத்து ஒட்டு காலம். செய்தவரைக் காட்டும் விகுதி அங்கே கிடையாது. இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன.

1. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று தமிழ் வேறுபடுத்தும் எல்லாவற்றுக்கும் ‘கேம்’ என்ற ஒரே சொல் போதும். நெல்லைப் பேச்சில் அப்பாவையோ அண்ணனையோ ‘வந்தாவ’ என்று மரியாதையோடு சொல்வோம். தம்பியை ‘வந்தான்’ என்போம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ‘கேம்’தான். நிகழ்காலத்தில் ஒருமைப் படர்க்கைக்குச் சேர்க்க வேண்டிய ‘எஸ்’ எழுத்தும் இறந்த காலத்தில் மறைந்துவிடுகிறது.

2. வினை ஆளைக் காட்டாததால் எழுவாயை விடவே முடியாது. ‘நேற்று வந்தேன்’ என்று தமிழில் ‘நான்’ இல்லாமல் சொல்லலாம். ‘ஏன்’ விகுதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ‘கேம் எஸ்டர்டே’ என்று நிறுத்திக்கொண்டால் வந்தவர் யார் என்பதற்கு வாக்கியத்தில் விடை இராது.

ஆள் பார்த்து மாறும் ஒரே வினை ‘பீ’ மட்டுமே. அது ஒருமையில் ‘வாஸ்’, பன்மையிலும் ‘யூ’ என்னும் முன்னிலையிலும் ‘வேர்’ என வரும். மரியாதைப் பன்மை ஆங்கிலத்தில் இல்லை என்பதால், தந்தையே ஆனாலும் ‘மை ஃபாதர் வாஸ்’ என்பதே சரி.

ஒரே ஒட்டு, மூன்று ஒலிகள்

ஒழுங்கான வினைகள் எல்லாம் ‘ஈ-டீ’ பெறுகின்றன. எழுதும்போது சிறு மாற்றங்கள் உண்டு: சொல் ‘ஈ’ எழுத்தில் முடிந்தால் ‘டீ’ மட்டும் சேரும், மெய்யெழுத்தை அடுத்து ‘ஒய்’ வந்து முடிந்தால் அது ‘ஐ’ ஆகும், ‘ஸ்டாப்’ போன்ற குறுகிய சொற்களில் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். ஒற்று இரட்டிப்பது தமிழருக்குப் பழகிய காட்சிதான். விடு, பெறு, புகு என்பவை விட்டான், பெற்றான், புக்கான் ஆகின்றன. இடையன்குடியில் வாழ்ந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் இவ்வாறு இரட்டித்து இறந்த காலம் காட்டுவதைத் தனியே எடுத்துப் பேசியிருக்கிறார். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: தமிழில் அந்த இரட்டிப்பு காதில் விழுகிறது, பொருளையும் மாற்றுகிறது; ஆங்கிலத்தில் அது முந்தைய உயிர் குறிலாக ஒலிக்க வேண்டும் என்பதற்கான எழுத்துக் குறி மட்டுமே.

எழுத்தைவிட ஒலிப்பில்தான் அதிகம் தடுமாறுகிறோம். எழுத்தைப் பார்த்து வாசிப்பதால் ‘குக்கெட்’, ‘வாஷெட்’ என்று ஓர் அசையைக் கூட்டிவிடுகிறோம். பகுதி எந்த ஒலியில் முடிகிறது என்பதைக் கொண்டே ஒட்டின் ஒலி அமைகிறது.

1. தொண்டை அதிராத ஒலியில் பகுதி முடிந்தால் ஒட்டும் அதிராமல் ஒலிக்கும். ‘பட்டு’ என்னும் சொல்லிலுள்ள ட் ஒலியை, இறுதி உகரம் இல்லாமல் நினைத்துக்கொள்ளலாம்: குக்ட், வாஷ்ட், ஜம்ப்ட், லாஃப்ட்.

2. தொண்டை அதிரும் ஒலியிலோ உயிரொலியிலோ முடிந்தால் ஒட்டும் அதிரும். ‘பாடு’ என்பதில் வரும் மென்மையான ட் ஒலி அது: கால்ட், ஓப்பன்ட், ப்ளேய்ட்.

3. பகுதியே ‘டீ’, ‘ட்டீ’ எழுத்துகளின் ஒலியில் முடிந்திருந்தால் மட்டும் தனி அசை வரும்: வான்டிட், நீடிட்.

தமிழில் இரண்டு ஒலிகளுக்கும் ‘ட்’ என்ற ஒரே எழுத்து இருப்பதால், இந்த வேறுபாட்டைத் தாளில் காட்டுவது கடினம். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் உடனே புலப்படும். மேலும் தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ‘பட்’ என்று நிறுத்துவது நம் நாவுக்கு அந்நியமாகப் படுவதால் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘குக்டு’ என்கிறோம். அதைக் குறைத்துக்கொள்ளப் பயிற்சி வேண்டுமே தவிர, அதை நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பகுதியின் ஈற்றொலிக்கு ஏற்பக் கால ஒட்டு மாறுவது என்னும் கருத்தும் நமக்குப் புதியதன்று. ‘செய்’ என்பதற்கு த் வருகிறது. ‘உண்’ என்பதன் ணகரம் அதை ட் ஆக்குகிறது. ‘தின்’ என்பதன் னகரம் ற் ஆக்குகிறது. இதைக் கேட்கும் காதும் நம்மிடம் இருக்கிறது. நெல்லைப் பேச்சில் ‘செய்யுதேன்’ என்றால் நிகழ்காலம், ‘செய்தேன்’ என்றால் இறந்த காலம். இடையில் வரும் ஓர் உகரத்தை வைத்து இரண்டு காலங்களைப் பிரித்தறியும் காதுக்கு, ‘குக்’ என்பதையும் ‘குக்ட்’ என்பதையும் பிரித்தறிவது கூடாத காரியமா?

ஒழுங்கில் அடங்காத வினைகள்

‘ஈ-டீ’ ஒட்டை ஏற்காத வினைகளாக வழக்கமான பட்டியல்களில் சுமார் 200 இடம்பெறுகின்றன. எண்ணிக்கை பெரிதன்று, ஆனால் நாள்தோறும் நாவில் வரும் கோ, கம், சே, சீ, டேக், கெட், கிவ், ஈட் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. பழைய வடிவங்களை நினைவில் வைத்திருக்க, அவை அடிக்கடி காதில் விழ வேண்டும். அரிதாகப் புழங்கிய பழைய வினைகள் பல, காலப்போக்கில் ‘ஈ-டீ’ வழிக்கு மாறிவிட்டன. அன்றாடம் புழங்கியவை பழைய கோலத்தோடே தங்கிவிட்டன. தமிழிலும் வா, போ, தா, சா ஆகிய மிகப் பழகிய வினைகளே வந்தான், போனான், தந்தான், செத்தான் என்று ஆளுக்கொரு வழியில் செல்கின்றன. ‘கோ’ என்பதற்கு ‘வென்ட்’ வந்த கதை இன்னும் விந்தையானது. ‘வென்ட்’ முன்பு ‘வெண்ட்’ என்னும் வேறொரு வினையின் இறந்த காலமாக இருந்தது. பின்னர் ‘கோ’ அதைத் தனக்கு எடுத்துக்கொண்டது.

அகர வரிசைப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிக்கும் வழக்கம் நம் வகுப்புகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அதைக் கைவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஒலியால் உறவுடைய சொற்களை ஒன்றாகக் கட்டினால் மனத்தில் தங்கும்.

மாறாதவை: கட், புட், ஹிட், ஷட், ஹர்ட், காஸ்ட். ‘ஆட்’ என்று முடிபவை: பை–பாட், பிரிங்–பிராட், டீச்–டாட், கேட்ச்–காட், திங்க்–தாட். நெடில் குறுகுபவை: கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், ஃபீல்–ஃபெல்ட். ஓகாரம் ஏற்பவை: ரைட்–ரோட், டிரைவ்–டிரோவ், ஸ்பீக்–ஸ்போக், பிரேக்–பிரோக். இகரம் மாறுபவை: சிங்–சேங், டிரிங்க்–டிரேங்க், ஸ்விம்–ஸ்வாம். ‘ரீட்’ மட்டும் எழுத்தில் மாறாமல் ஒலியில் ‘ரெட்’ ஆகும்.

‘ஹேங்’ என்ற வினைக்குப் பொருளைப் பொறுத்து இரண்டு இறந்த காலங்கள் உண்டு. சுவரில் படத்தைத் தொங்கவிட்டால் ‘ஹங்’. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனை ஆங்கிலேயர் தூக்கிலிட்டதைச் சொல்லும்போது ‘ஹேங்ட்’. நம் வட்டாரத்து வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுவோர் இங்கே தவறிவிடக்கூடாது.

‘டிட்’ என்னும் சொல்லின் வேலை

இனி தொடக்கத்தில் கண்ட வாக்கியத்துக்கு வருவோம். ‘வந்தான்’ என்பதன் எதிர்மறை என்ன? ‘வரவில்லை’. இச்சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ‘வந்தான்’ என்பதிலிருந்த இறந்த காலக் குறி இதில் எங்கே போயிற்று? ‘வர’ என்பது காலம் காட்டாத செயவென் எச்சம். அதோடு ‘இல்லை’ சேர்ந்திருக்கிறது. ‘வந்தவில்லை’ என்று தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையும் சொல்லாது. (‘வந்ததில்லை’ என்பது வேறு, ஒருமுறையும் வந்த வழக்கமே இல்லை என்பது அதன் பொருள்.) எதிர்மறை வந்தவுடன் வினை தன் காலக் குறியைக் கழற்றி வைத்துவிடும் என்ற விதியை நாம் மழலையிலேயே கற்றுவிட்டோம்.

ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. ‘கேம்’ என்பது எதிர்மறையில் ‘டிட் நாட் கம்’ ஆகிறது. ‘கம்’ என்பதை ‘வர’ என்பதற்கும், ‘டிட் நாட்’ என்பதை ‘இல்லை’ என்பதற்கும் இணையாக வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ‘டிட் நாட் கோ’. சாப்பிடவில்லை என்றால் ‘டிட் நாட் ஈட்’. ‘டிட் நாட் வென்ட்’ என்று சொல்வது, தமிழில் ‘போனவில்லை’ என்று சொல்வதற்கு நிகர். மாணவருக்கு இந்த ஒரு ஒப்புமையைக் காட்டினாலே பிழை ஏன் பிழை என்பது அவருக்கே கேட்டுவிடும்.

ஒரு வேறுபாடும் உண்டு. ‘இல்லை’ காலம் காட்டாது. ‘அவன் வரவில்லை’ என்பது நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். ‘டிட்’ காலம் காட்டும். அது ‘டூ’ என்பதன் இறந்த காலம். வாக்கியத்துக்கு ஒரு காலக் குறி போதும் என்பதால், ‘டிட்’ அதை ஏந்திக்கொண்டதும் அடுத்த வினை வெறுமையாகிவிடுகிறது.

இந்த அமைப்பு ஆங்கிலத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. ‘கேம் நாட்’, ‘நியூ நாட்’ என்று வினையை அடுத்தே ‘நாட்’ சேர்த்து எழுதிய காலம் உண்டு. 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அந்த நடை நிரம்பக் காணப்படும். நெல்லைச் சீமையில் அந்தப் பதிப்பைப் படித்து வளர்ந்தவர்கள் அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது அக்கால வழக்கு. இன்றைய பேச்சுக்கும் எழுத்துக்கும் ‘டிட் நாட்’ வேண்டும்.

கேள்வி வாக்கியத்தில் நிலைமை தலைகீழாகிறது. ‘வந்தான்’ என்பதோடு ஆகாரம் சேர்த்தால் ‘வந்தானா?’ கிடைக்கிறது. காலக் குறியான ‘ந்த்’ அப்படியே நிற்கிறது. இந்தப் பழக்கம்தான் ‘டிட் ஹீ கேம்?’ என்று சொல்ல வைக்கிறது. எனவே எதிர்மறையைத் தமிழின் துணையோடு கற்கலாம். கேள்வியைத் தமிழை ஒதுக்கி வைத்துக் கற்க வேண்டும். எதிர்மறை வாக்கியத்தை முதலில் நன்றாகப் பழக்கிவிட்டு, அதிலிருக்கும் ‘டிட்’ என்பதை முன்னே நகர்த்தி, ‘நாட்’ என்பதை எடுத்துவிட்டுக் கேள்வி ஆக்குவது நல்ல வழி: ‘ஹீ டிட் நாட் கம்’ என்பதிலிருந்து ‘டிட் ஹீ கம்?’ பிறக்கும். பாடநூல்கள் பலவற்றில் கேள்வியும் எதிர்மறையும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. தமிழ் மாணவருக்கு அவற்றின் இயல்பு வேறு வேறு என்பதால், இடையில் சில நாட்களாவது இடைவெளி விடுவது நல்லது.

‘வாஸ்’, ‘வேர்’ ஆகியவற்றுக்கு ‘டிட்’ தேவையில்லை. ‘வாஸ் ஹீ தேர்?’, ‘ஹீ வாஸ் நாட் தேர்’ என்பவை தாமே நிற்கும். ‘யார் வந்தது?’ என்பது போல, கேட்கும் சொல்லே எழுவாயாக இருக்கும் கேள்விக்கும் ‘டிட்’ வராது: ‘ஹூ கேம்?’

‘போயிருந்தோம்’ என்பதிலுள்ள பொறி

‘நேற்று பாபநாசம் போயிருந்தோம்’ என்பது இயல்பான தமிழ். இதில் ‘இருந்தோம்’ என்ற சொல் காதில் விழுவதால், கற்பவர் அதற்கு நேராக ‘வேர்’ என்பதைத் தேடிச் சேர்த்து, ‘வீ வேர் வென்ட்’ என்கிறார். அங்கே வேண்டியது ‘வீ வென்ட்’ என்ற இரு சொற்கள் மட்டுமே. தமிழ் ‘இரு’ இங்கே துணைவினை. போனோம், திரும்பியும் விட்டோம் என்ற சாயலை அது தருகிறது. அச்சாயலுக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் தேவைப்படுவதில்லை.

‘வாஸ்’, ‘வேர்’ எப்போது வரும்? பெயரோ பண்போ இடமோ பின்னால் வரும்போது வரும்: ஆசிரியராக இருந்தார், களைப்பாக இருந்தேன், வீட்டில் இருந்தோம். அல்லது ‘ஐ-என்-ஜீ’ ஒட்டு பெற்ற வினையோடு வந்து, நடந்துகொண்டிருந்ததைக் காட்டும். வெறும் வினையோடும் ‘வென்ட்’, ‘கேம்’ போன்ற வடிவங்களோடும் சேராது.

எந்த வடிவம் எப்போது?

வடிவங்களைச் சரியாகக் கற்றவர்களும் பயன்பாட்டில் மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள்.

1. முடிந்த காலம் குறிக்கப்பட்டால் இறந்த காலமே வர வேண்டும். ‘வந்திருக்கிறான்’ என்பதும் ‘ஹேஸ் கம்’ என்பதும் கட்டமைப்பில் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. ஆனால் தமிழில் ‘நேற்று வந்திருக்கிறான்’ என்றும் சொல்லலாம். நாம் நேரில் பார்க்கவில்லை, தடயத்திலிருந்து அறிகிறோம் என்பது அதன் குறிப்பு. கரையில் படிந்த சேற்றைப் பார்த்து ‘ராத்திரி வெள்ளம் வந்திருக்கு’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ இந்தக் குறிப்பைத் தராது. நேற்று, போன வாரம், 2019-ல் என்பன போன்ற முடிந்த காலச் சொற்களோடும் சேராது. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததைச் சொல்ல ‘கேம்’ வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி 2019-ல் தனி மாவட்டமானதைச் சொல்ல ‘பிகேம்’ வேண்டும். ஆண்டைக் குறிப்பிட்ட பிறகு ‘ஹேஸ் பிகம்’ என்று எழுதுவது பிழை.

2. பழைய வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தைக் கையாள்கிறது. ‘சின்ன வயசுல ஆத்துலதான் குளிப்போம்’ என்பதில் வரும் ‘குளிப்போம்’, நாளைக்குக் குளிப்பதைக் குறிக்கும் அதே சொல். அதனால்தான் தம் இளமையை ஆங்கிலத்தில் விவரிக்கும் பெரியவர்கள்கூட ‘வீ வில் பேத்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கும் வெளியூர்க்காரர் இனிமேல் நடக்கப்போவது என்று எடுத்துக்கொள்கிறார். ‘வீ பேத்ட்’ என்ற இறந்த காலம் போதும். இப்போது அந்த வழக்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல ‘வீ யூஸ்ட் டு பேத்’ எனலாம். இப்பிழையை வகுப்புகளில் திருத்துவோர் மிகக் குறைவு என்பதால், இதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. இனி நடக்கப்போவதற்குத் தமிழ் இறந்த காலத்தைக் கடன் வாங்குவதும் உண்டு. வாசலில் நின்று கூப்பிடுபவரிடம், உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டே ‘இந்தா வந்துட்டேன்’ என்கிறோம். இதற்கு ‘ஐ கேம்’ பொருந்தாது. ‘ஐ ஆம் கமிங்’ என்பதே வழக்கு. ‘மழை பெய்தால்’ என்பதில் ‘பெய்த்’ என்ற இறந்த கால அடி இருந்தாலும், பெய்யக்கூடிய மழைக்கு ஆங்கிலம் ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்று நிகழ்காலத்தையே கேட்கும்.

ஒரு பேச்சைப் பிரித்துப் பார்த்தல்

இதுவரை கண்டவை ஒன்றாக வரும் ஒரு சிறு பேச்சை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவி ஒருத்தி தோழியிடம் சொல்வதாகக் கொள்ளலாம்:

‘நேத்து ஆச்சி கூட ஆனித் தேரோட்டத்துக்குப் போயிருந்தோம். தேரைப் பாத்துட்டு, அல்வா வாங்கிட்டு வந்தோம். அப்பா வரல. முன்னாடில்லாம் அவியளும் வருவாவ. நீ போனியா?’

முதல் வாக்கியத்தின் ‘போயிருந்தோம்’ வெறும் ‘வென்ட்’ ஆகும், ‘வேர்’ சேராது. இரண்டாவதில் தமிழின் தனிச்சிறப்பான வினையெச்சங்கள் வருகின்றன. பாத்துட்டு, வாங்கிட்டு என்பவை எச்சங்கள். ‘வந்தோம்’ ஒன்றே முற்று. தமிழில் எத்தனை செயல்கள் வந்தாலும் கடைசி வினை மட்டும் முற்றாக நின்று மற்றவற்றைத் தாங்கும். அந்தப் பழக்கத்தில் ‘வீ சீ த தேர், பை அல்வா அண்ட் கேம்’ என்று கடைசி வினைக்கு மட்டும் காலம் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இப்படி அடுக்கும்போது ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: ‘வீ சா த தேர், பாட் அல்வா அண்ட் கேம் ஹோம்.’ ‘டிட்’ வந்த இடத்தில் காலத்தைக் கழற்றிய அதே மொழி, இங்கே மூன்று வினைகளுக்கும் மூன்று முறை காலம் கேட்கிறது. இங்கே பொதுச் சுமைதாங்கியாக ‘டிட்’ இல்லை என்பதே காரணம்.

‘வரல’ என்பது ‘டிட் நாட் கம்’. ‘வருவாவ’ எதிர்கால வடிவில் இருந்தாலும் ‘முன்னாடில்லாம்’ என்னும் சொல் அது பழைய வழக்கம் என்று காட்டிவிடுவதால் ‘ஹீ யூஸ்ட் டு கம்’ ஆகும். ‘அவிய’ என்ற மரியாதை ‘ஹீ’ என்பதற்குள் அடங்கிப்போகும். கடைசியாக ‘போனியா?’ வருகிறது. அதிலுள்ள ‘போன்’ என்ற இறந்த கால அடி ‘வென்ட்’ என்ற சொல்லை நாவின் நுனிக்குக் கொண்டுவரும். அதற்கு முன்பாகவே ‘டிட்’ காலத்தை எடுத்துக்கொண்டு வாக்கியத்தின் தலையில் அமர்ந்துவிட்டதால், ‘டிட் யூ’ என்பதை அடுத்து அந்த மாணவி சொல்ல வேண்டிய சொல் ‘கோ’.